எம்பாப்பேயின் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை (18.12.2022) இரவு எட்டரை மணிக்கு கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மோதுகின்றன. அரையிறுதிகள் முடிந்ததிலிருந்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், ஒரே படம்தான். இந்தப் பக்கம் மெஸ்ஸி, அந்தப் பக்கம் எம்பாப்பே, நடுவில் கோப்பை. ஆளுக்கு ஐந்து கோல் என்று ஒரு பெட்டிச் செய்தி. மெஸ்ஸிக்கு இதுதான் கடைசி உலகக் கோப்பை என்று இன்னொரு பெட்டி. ராசி பலன் ஒன்றுதான் பாக்கி, அதையும் நாளைக்குப் போட்டாலும் போடுவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பள்ளிக்கூடம் போன நாளில் இருந்து எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான், அந்த உரிமையில் கேட்கிறேன்: மீதி இருபது பேர் மைதானத்துக்கு எதற்கு வருகிறார்கள்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நாங்கள் உட்காரும் டீக்கடையில் இந்த இரண்டு பேரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதில் பேச என்ன இருக்கிறது. பேச்சு முழுக்க அர்ஜென்டினாவின் மொலினா முன்னால் ஏறலாமா கூடாதா, பிரான்சின் கிரீஸ்மனை யார் பிடிப்பது, அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி பின்னால் மூன்று பேரை நிறுத்துவாரா நான்கு பேரை நிறுத்துவாரா என்பதில்தான் ஓடுகிறது. டீ ஆறிப் போகிறது, மாஸ்டர் திட்டுகிறார், பேச்சு மட்டும் நிற்பதில்லை. அதில் கால்வாசியாவது அச்சில் வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் யார் எதற்காக எதைச் சொல்கிறார் என்று உங்களுக்குப் பிடிபடும். சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார், பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் பிரான்ஸ் பாஸ்போர்ட், மகன் குடும்பம் பாரிஸ் பக்கம். ஜூலை 14 வந்தால் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறவர். மாஹேயில் இருந்து மாற்றலாகி வந்து இங்கே அரசு அலுவலகத்தில் இருக்கும் தம்பி ஒருவர், ரத்தத்தைச் சோதித்தால் நீலமும் வெள்ளையும் வரும், அவ்வளவு அர்ஜென்டினா. வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் அண்ணன் பிரேசில்காரர், போன வெள்ளிக்கிழமை பிரேசில் தோற்றதில் இருந்து யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறார், அதனாலேயே அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அப்புறம் லாஸ்பேட்டையில் இருந்து பைக்கில் வரும் கல்லூரிப் பையன்கள் சிலர், போனில் வரைபடம் எல்லாம் போட்டுக் காட்டுவார்கள். பிரான்ஸ் ஆடினால் அது நம் ஊருக்கு வெளிநாட்டுக் கதையில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1962-க்குப் பிறகு பிரான்ஸ் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை தெருக்களில் இருக்கின்றன. ஆனால் 1986-ல் மாரடோனாவை டிவியில் பார்த்து மயங்கியவர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள், ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி மகன் ஒரு கட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரான்ஸ் அணியின் இடது பக்கத்தைக் கவனியுங்கள். முன்னால் எம்பாப்பே, அவருக்குப் பின்னால் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுப்பவர், தியோ எர்னாண்டஸ். பந்து எதிரணியிடம் போனதும் எம்பாப்பே திரும்பி ஓடி வருவதில்லை, நடந்துதான் வருகிறார், பல நேரம் நடுக்கோட்டிலேயே நின்றுவிடுகிறார். சோம்பேறித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கோச் டெஷாம்ப்ஸ் சம்மதித்துத்தான் அவர் அங்கே நிற்கிறார், பந்து மீண்டும் கிடைத்ததும் ஒரே பாஸில் அவரை ஓடவிடலாம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குக்கு விலை கொடுப்பவர் தியோ. அவருக்கு முன்னால் ஆள் கிடையாது, எதிரணியின் ரைட் விங்கரும் (வலது ஓரத்தில் ஏறித் தாக்குபவர்) ரைட் பேக்கும் சேர்ந்து வந்தால் ஒருவரே இருவரைப் பார்க்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் உப்பளம் மைதானத்தில் லெஃப்ட் பேக்காக ஆடியவன், முன்னால் ஆடுகிற விங்கர் பெரிய ஸ்டார், திரும்பி வரமாட்டார், தோற்றால் திட்டு மட்டும் எனக்கு. அதனால் தியோ மீது எனக்குத் தனி இரக்கம் உண்டு. அதிலும் அவர் முதலில் பெஞ்சில்தான் இருந்தார். அண்ணன் லூகாஸ் எர்னாண்டஸுக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனதால் உள்ளே வந்தவர், ஏறி ஆடுவதில் கெட்டிக்காரர், தடுப்பதில் அவசரக்காரர்.

இது ஏதோ டீக்கடைக் கற்பனை என்று நினைக்காதீர்கள். காலிறுதியில் இங்கிலாந்து அந்தப் பக்கமாகத்தான் குடைந்தது. சாகா வலதுபுறத்தில் இருந்து உள்ளே வந்து வந்து தொல்லை கொடுத்தார், அவரைத்தான் பிரான்சின் ஷுவமெனி கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் தட்டிவிட்டார், முதல் பெனால்டி. அப்புறம் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மவுண்ட்டைப் பின்னாலிருந்து இடித்து இரண்டாவது பெனால்டியைத் தானமாகக் கொடுத்தவர் தியோவேதான். ஹாரி கேன் அதை வானத்துக்கு அடித்தாரே, அதனால்தான் பிரான்ஸ் இன்று ஃபைனலில் இருக்கிறது. அரையிறுதியில் மொராக்கோவும் அதே வழி. ஐந்தாவது நிமிடத்திலேயே தியோ கோல் அடித்துவிட்டார், உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு ஹக்கிமியும் சியெச்சும் அந்தப் பக்கத்தில் புகுந்து விளையாடினார்கள், பந்தை அதிக நேரம் வைத்திருந்தது மொராக்கோ.

அங்கேதான் டெஷாம்ப்ஸ் செய்த ஒரு காரியத்தைப் பலர் கவனிக்கவில்லை, உங்கள் நிருபரும் எழுதவில்லை. 65-வது நிமிடத்தில் ஜிரூவை வெளியே எடுத்துவிட்டு மார்கஸ் துராமை இறக்கினார். ஃபார்வர்டுக்கு ஃபார்வர்டு மாற்றினார் என்று எல்லாரும் நினைத்தார்கள். துராமை நிறுத்திய இடம் இடது விங், எம்பாப்பேயை நடுவுக்குத் தள்ளிவிட்டார். துராம் ஓடி வந்து தியோவுக்குக் கை கொடுத்தார், ஹக்கிமியின் ஆட்டம் அதோடு அடங்கியது. ஆக அந்த ஓட்டை இருப்பது டெஷாம்ப்ஸுக்கும் தெரியும், அடைக்கும் வழியும் தெரியும், ஆட்டத்தின் ஆரம்பத்தில் அடைக்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். இந்தத் துராமின் அப்பா லிலியான் துராம் 1998 அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு பிரான்ஸைக் காப்பாற்றிய டிஃபென்டர். இந்தப் பெயர் காதில் விழுந்தாலே சொல்தா தாத்தா அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார், அதை இங்கே எழுதினால் உங்களுக்குப் பக்கம் போதாது.

இப்போது அர்ஜென்டினா பக்கம் வாருங்கள். தியோ நிற்கும் அந்தப் பக்கம் அர்ஜென்டினாவின் வலது பக்கம். அங்கே யார் யார்? ரைட் பேக் மொலினா, அவருக்கு உள்ளே தி பால், இவர்களுக்கு நடுவில் தன் இஷ்டத்துக்கு ஒதுங்கி நிற்கும் மெஸ்ஸி. நெதர்லாந்துக்கு எதிரான முதல் கோலை ஞாபகப்படுத்திப் பாருங்கள், மெஸ்ஸி தலையைக்கூடத் திருப்பாமல் நழுவவிட்ட பாஸ், ஓடிப் போய் முடித்தது மொலினா. குரோஷியாவுக்கு எதிரான மூன்றாவது கோல் அதைவிடப் பெரிய பாடம். வலது ஓரக்கோட்டில், நடுக்கோட்டுப் பக்கத்தில், மெஸ்ஸி பந்தை வாங்குகிறார். முகமூடி போட்ட இருபது வயதுப் பையன் குவார்டியோல், இந்தப் போட்டியின் நல்ல டிஃபென்டர்களில் ஒருவன், ஒட்டிக்கொண்டே வருகிறான். மெஸ்ஸி நிற்கிறார், போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார், கடைசியில் கோட்டோரத்தில் இருந்து உள்ளே தள்ளிவிட அல்வாரெஸ் சும்மா காலை வைத்தார். அந்த இடம் எது? ஞாயிற்றுக்கிழமை தியோ தனியாக நிற்கப் போகும் அதே இடம்.

இதை நான் சொன்னபோது மாஹே தம்பி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். சொல்தா தாத்தா மட்டும் சிரித்தார். "அதைத் தொறந்த கதவுன்னு நெனைக்கிறியா? அது எலிப்பொறிடா. மசால் வடை வச்சிருக்கான்" என்றார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. மொலினா ஏறுகிறான், பந்து பறிபோகிறது, அப்போது மொலினாவுக்குப் பின்னால் இருக்கும் மைதானம் யாருக்கு? திரும்பி ஓடாமல் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு நிற்கும் எம்பாப்பேக்கு. 2018 ஜூன் 30, போன உலகக் கோப்பை, கசான் மைதானம், இதே இரண்டு அணிகள். எம்பாப்பே தன் பாதியில் பந்தை வாங்கி ஓடிய அந்த ஓட்டத்தை யாராவது மறக்க முடியுமா, அர்ஜென்டினா டிஃபென்டர் ரோஹோ வேறு வழியில்லாமல் பாக்ஸுக்குள் இழுத்துத் தள்ளினார், பெனால்டி, கிரீஸ்மன் அடித்தார். அப்புறம் இரண்டாவது பாதியில் நான்கு நிமிட இடைவெளியில் எம்பாப்பே இரண்டு கோல். 4-3 என்று முடிந்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் சமமான ஆட்டம் போலத் தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியும் அர்ஜென்டினா அன்று ஓட முடியாமல் தவித்தது. அன்றைக்கு கோச்சாக இருந்த சம்பவோலியின் உதவியாளர்களில் ஒருவராக அந்தப் பெஞ்சில் இருந்தவர்தான் இன்றைய கோச் ஸ்கலோனி. அவர் அதை மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அதனால் கேள்வி மொலினா ஏறலாமா என்பதில்லை, அவன் ஏறும்போது யார் நிற்கிறார்கள் என்பதுதான். எங்கள் கூட்டம் இதில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மாஹே தம்பி நெதர்லாந்து ஆட்டத்தில் செய்தது மாதிரி பின்னால் ஐந்து பேர் வேண்டும் என்கிறான், ரொமேரோ, ஓட்டமெண்டி, லிசாண்ட்ரோ மூன்று பேரும் நடுவில், ரொமேரோ எம்பாப்பே பக்கம் நகர்ந்துகொள்வார், மொலினா கவலையில்லாமல் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தும் அன்று பின்னால் மூன்று பேரோடு இரண்டு விங் பேக் வைத்து ஆடியது, அவர்களுக்கு ஆளுக்கு ஆள் நிறுத்த அது தேவைப்பட்டது. பிரான்ஸ் அப்படி ஆடும் அணி இல்லை. பின்னால் ஐந்து பேரை வைத்தால் நடுக்களத்தில் ஒரு ஆள் குறையும், குறைகிற இடத்தில் கிரீஸ்மன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

என் கணக்கு வேறு. குரோஷியாவோடு ஆடிய மாதிரி நடுவில் நான்கு பேர், அல்லது மூன்று பேரோடு ஒரு விங்கர். தி பால் மொலினாவை விட்டுப் பிரியவே கூடாது, மொலினா ஏறினால் தி பால் நிற்க வேண்டும், தி பால் ஏறினால் மொலினா நிற்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். தி பால் ஓட்டத்துக்குப் பஞ்சமில்லாத ஆள், மெஸ்ஸிக்காகவும் சேர்த்து ஓடுகிறவர் என்று எல்லாரும் சொல்வதுதான். படகு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ தி பாலுக்கு ரெண்டு சம்பளம் குடுக்கணும்பா" என்றார்.

அர்ஜென்டினா விங்கர் தி மரியா விஷயம் தனி. தொடையில் பிடிப்பு, குரோஷியா ஆட்டத்தில் இறங்கவே இல்லை, நெதர்லாந்துக்கு எதிராக எக்ஸ்ட்ரா டைமில் கொஞ்ச நேரம்தான். உடம்பு சரியாகிவிட்டால் ஆரம்பத்தில் இருந்தே இறக்க வேண்டும் என்பதில் எங்கள் கடையில் கருத்து வேறுபாடே இல்லை, அபூர்வமான விஷயம். பெரிய ஃபைனல் என்றால் அவருக்கு ஒரு ராசி. 2021-ல் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா ஃபைனலில் மரக்கானாவில் பிரேசிலுக்கு எதிராக ஒரே கோல், அவர் அடித்தது. (படகு அண்ணன் அப்போது கிளாஸைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.) எங்கே நிறுத்துவது? எப்போதும் ஆடும் வலது பக்கம்தான், தியோவின் தலைவலியை இரண்டு மடங்காக்க. பிரான்சின் மறு ஓரத்தில் ஆடும் குந்தே உண்மையில் சென்டர் பேக் (நடுவில் நின்று தடுப்பவர்), ஏறி விளையாடாமல் வீட்டோடு இருப்பவர், அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

பிரான்ஸ் பக்கம் நான் பயப்படுவது எம்பாப்பேயைப் பார்த்து இல்லை என்றால் சிரிப்பீர்கள். கிரீஸ்மனைப் பார்த்துத்தான். போக்பா இல்லை, கான்டே இல்லை, பென்சமா காயத்தோடு ஊருக்குப் போய்விட்டார், இத்தனை பேர் இல்லாமல் இந்த அணி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் பதில் கிரீஸ்மன். 2018-ல் ஃபார்வர்டாக ஆடியவரை டெஷாம்ப்ஸ் இந்தத் தடவை நடுக்களத்தில் இறக்கிவிட்டார். இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு கோலுக்கும் பாஸ் கொடுத்தவர் அவர். மொராக்கோ ஆட்டத்தில் தன் பாக்ஸுக்குள் வந்து பந்தை அடித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார், அடுத்த நிமிடம் எதிர்க்கோடியில் நின்றார். இந்த உலகக் கோப்பையில் அவர் பெயரில் ஒரு கோல்கூட இல்லை, அதனால் உங்கள் பெட்டிச் செய்தியில் அவர் வரவே மாட்டார். ஆனால் அவர் நிற்கும் இடத்தில்தான் என்ஸோ பெர்னாண்டஸ் நிற்க வேண்டியிருக்கும். என்ஸோவுக்கு வயது இருபத்தொன்று, போட்டி ஆரம்பித்தபோது முதல் பதினொன்றில்கூட அவர் இல்லை. சவூதி அரேபியாவிடம் தோற்ற பிறகு ஸ்கலோனி பழைய ஆட்களைத் தூக்கிவிட்டு என்ஸோ, மக் அலிஸ்டர், அல்வாரெஸ் மூன்று பேரையும் உள்ளே கொண்டுவந்தார், அதோடு அணி மாறிப்போனது. 36 ஆட்டம் தோற்காமல் வந்த அணி அந்த ஒரு தோல்வி இல்லாமல் இருந்திருந்தால் அதே கிழட்டு நடுக்களத்தோடு வந்து காலிறுதியிலேயே சுருண்டிருக்கும் என்பது படகு அண்ணனின் கருத்து. பிரேசில்காரர் சொல்வது என்று தள்ளிவிட முடியாது.

ஜிரூ பற்றிச் சொல்லாமல் விட்டால் தாத்தா என்னை விடமாட்டார். 36 வயது, பிரான்சுக்கு இதுவரை அதிக கோல் அடித்தவர், பழைய வீரர் ஆன்ரியின் 51 கோலை இந்தப் போட்டியிலேயே தாண்டினார். உயரம், தலை. இங்கிலாந்தைக் கவிழ்த்தது அவர் தலைதான். அர்ஜென்டினாவின் பலவீனம் உயரப் பந்து, நெதர்லாந்து கோச் வான் கால் வெக்ஹோர்ஸ்ட் என்ற நெட்டையனை இறக்கி அதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டார். லிசாண்ட்ரோ நல்ல டிஃபென்டர், ஆனால் 1.75 மீட்டர் உயரம், ஜிரூவோடு எம்பிக் குதிக்கச் சொல்வது அநியாயம். ஓட்டமெண்டி பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். பார்க்கலாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. இரண்டு கோல் முன்னால் இருக்கும்போது அர்ஜென்டினாவுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 2-0, ஒரு கோல் வாங்கினார்கள், கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸ் மேலே விழுந்து பிடித்திருக்காவிட்டால் எக்ஸ்ட்ரா டைம். நெதர்லாந்து ஆட்டம் இன்னும் மோசம். அது போன வெள்ளிக்கிழமை ராத்திரி, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருந்த அதே நேரம். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஜன்னல் அடித்துக்கொள்கிறது, நான்கு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், சார்ஜ் இருபது சதவீதம். படகு அண்ணன் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்து முதல் ஆட்டத்தில் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் போனதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஈரச் சட்டையோடு மூலையில் இருந்தார். அர்ஜென்டினா 2-0. சரி, முடிந்தது, போனை அணைத்துச் சார்ஜை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவன் சொன்னான். 83-வது நிமிடம் வெக்ஹோர்ஸ்ட் தலையால் ஒன்று. அப்புறம் பத்து நிமிடம் கூடுதல் நேரம், அதுவும் தாண்டிய பிறகு ஒரு ஃப்ரீ கிக். எல்லாரும் கோலைப் பார்த்து அடிப்பார்கள் என்று சுவரைக் கட்டி நிற்க, பந்தைத் தரையோடு சுவருக்கு ஓரமாக உருட்டிவிட்டார்கள், வெக்ஹோர்ஸ்ட் திரும்பி அடித்தார், 2-2. அந்த மாதிரி நேரத்தில் அர்ஜென்டினா பந்தை வைத்து ஆடாமல் பின்னால் பின்னால் போய் பாக்ஸுக்குள் கூட்டமாக நிற்கிறது, சண்டைக்கு வேறு போகிறது. பிரான்ஸ் முன்னால் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள், ஞாயிறு ராத்திரி அர்ஜென்டினா 2-0 என்று இருந்தாலும் யாரும் டிவியை விட்டு எழுந்திருக்க வேண்டாம், பட்டாசு வாங்கப் போகவும் வேண்டாம்.

பெனால்டிக்குப் போனால் நிலைமை தலைகீழ். எமிலியானோ மார்ட்டினஸ் அன்று ராத்திரி முதல் இரண்டு பெனால்டியையும் பிடித்தார், வான் டைக் அடித்தது, பெர்க்ஹைஸ் அடித்தது. 2021 கோபா அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக மூன்றைப் பிடித்தவர், அடிக்க வருகிறவனிடம் வாயாடி வாயாடியே பாதி உயிரை எடுத்துவிடுவார். உலகக் கோப்பையில் இதுவரை ஆறு பெனால்டி ஷூட் அவுட் ஆடி ஐந்தில் ஜெயித்த நாடு அர்ஜென்டினா. பிரான்ஸ் நான்கு ஆடி இரண்டு. போன வருடம் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் 3-3 என்று போய் ஷூட் அவுட்டில் வெளியேறியதே பிரான்ஸ், கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டது எம்பாப்பே. தாத்தாவிடம் இதை நினைவுபடுத்தினால், "அப்போ அவன் சின்னப் பையன்" என்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால்தானே தாத்தா என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிறு காலைப் பதிப்பில் அந்த இரண்டு முகங்களையும் ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மைதானத்தை வரைந்து, இருபத்திரண்டு பேரும் எங்கே நிற்பார்கள் என்று புள்ளி வைத்துப் போடுங்கள். வெற்றிலைக் கடைக்காரரில் இருந்து சண்டே மார்க்கெட்டில் பத்தாம் நம்பர் ஜெர்சி விற்கும் பையன் வரைக்கும் எல்லாரும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். நம்மாட்களுக்குப் புரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிரிக்கெட்டில் ஷார்ட் லெக்கில் ஆள் நிறுத்தியதற்கு முக்கால் பத்தி எழுதுகிறீர்கள், அதைப் புரிந்துகொள்கிற வாசகருக்கு இது புரியாதா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சந்தோஷ் டிராபியில் புதுச்சேரி அணி ஆடினால் இரண்டு வரி, அதுவும் ஸ்கோர் மட்டும். யார் கோல் அடித்தான், எந்தத் தெருப் பையன், எதனால் தோற்றோம், ஒன்றும் வருவதில்லை. அது வேறு வழக்கு, தனிக் கடிதம் எழுதுகிறேன்.

ஞாயிறன்று நேரம் நமக்கு வசதியாக அமைந்திருக்கிறது. அரையிறுதி இரண்டும் நடுராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து இரண்டரை வரைக்கும் உட்கார வைத்தன, மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். இன்று மார்கழி பிறந்துவிட்டது, விடியற்காலையில் கோலம் போட எழுந்திருக்க வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பு, எட்டரைக்கு ஆரம்பித்தால் பெனால்டி வரைக்கும் போனாலும் பன்னிரண்டுக்குள் படுத்துவிடலாம். மாஸ்டர் கடைக்கு வெளியே டிவியைத் தூக்கி வைக்கச் சம்மதித்துவிட்டார், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு இழுத்த வயரில் இருந்தே கரண்ட். தாத்தாவுக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தில் வாட்ஸ்அப்பில் பாரிஸ் மகன், அங்கே அப்போது சாயங்காலம் நான்கு மணி.

எழுதியது எழுதிவிட்டேன், கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு நிமிடத்தில் முடிந்தால் பிரான்ஸ் ஜெயிக்க வாய்ப்பு அதிகம், இழுத்துக்கொண்டு போனால் அர்ஜென்டினா. இரண்டில் ஒன்றைச் சொல் என்று மடக்கினால் அர்ஜென்டினா 2-1, எக்ஸ்ட்ரா டைமில். முதல் கோல் தியோ பக்கத்தில் இருந்து வரும். பிரான்சின் கோலை எம்பாப்பே அடிக்க மாட்டார், ஜிரூ தலையால் அடிப்பார். தயவுசெய்து இதை ஞாயிறு காலைக்குள் போட்டுவிடுங்கள். இடமில்லை, திங்கட்கிழமைதான் என்றால் போடவே வேண்டாம், கணிப்பு தப்பிப்போனால் பத்திரிகையைக் கத்தரித்து டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள், பொங்கல் வரைக்கும் நான் அந்தப் பக்கம் போக முடியாது.

இப்படிக்கு,
ஒரு பழைய லெஃப்ட் பேக்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
16.12.2022